முளைப்பாரியை நம் கையாலேயே விதைப்போம்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள மாரியம்மன் ஆலயங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். போன வருடம் ஆடித் திருவிழாவுக்குப் போயிருந்த ஒரு கோவிலில் முளைப்பாரிச் சட்டிகள் லாரியில் வந்து இறங்கின. எல்லாம் ஒரே உயரம், எல்லாம் பிளாஸ்டிக் சட்டி. பெண்கள் வரிசையில் நின்று பணம் கட்டி ஆளுக்கு ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். வேலைக்கு ஓடும் பெண்களுக்கு ஒன்பது நாள் விரதம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். இருந்தும் அன்று மனம் ஆறவில்லை.

என் பாட்டி எஸ்டேட் தோட்டத்தில் இருந்தபோது, வீட்டுக்கு வீடு போய் விதை கேட்பார். மொச்சை, தட்டை, பாசிப்பயறு என்று அவரவர் பானையில் இருப்பதை ஒரு பிடி கொடுப்பார்கள். மண்சட்டியில் எருவும் சாம்பலும் கலந்து விதைத்து, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, இரவில் கும்மி கொட்டுவார்கள். முளை கட்டையாக வந்தால் பாட்டியின் முகம் சுருங்கிவிடும். அம்மனுக்குக் கோபம் என்பார். அடுத்த மூச்சிலேயே, "அந்தப் பானை மொச்சையை விதைக்கு வைக்காதே, குழம்பில் போட்டுடு" என்பார். எந்த வீட்டு விதைக்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று ஊரே கூடிப் பார்க்கும் சோதனை அது. கடையில் வாங்கிய சட்டி இதைச் சொல்லாது.

இந்த அறிவு நமக்கு மட்டும் உரியதும் அல்ல. மலாய் விவசாயிகள் முன்பு நெல்லுக்கு 'செமாங்காட்' என்ற உயிர் உண்டு என்று நம்பினார்கள். அது பயந்துவிடக் கூடாது என்று, உள்ளங்கைக்குள் மறையும் 'துவாய்' என்ற சிறு கத்தியால் கதிர் கதிராக அறுத்தார்கள். அப்படி அறுக்கும்போது ஒவ்வொரு கதிரும் கண்ணில் படும், நல்லதை விதைக்கு ஒதுக்க முடியும். சரவாக்கில் இபான் பழங்குடிக் குடும்பங்களுக்கு 'பாடி புன்' என்ற புனித நெல் உண்டு. அதை விற்க மாட்டார்கள். தலைமுறை தலைமுறையாக வருடா வருடம் விதைத்துக் காப்பார்கள்.

இப்போது ஏன் இதைப் பேசுகிறேன்? 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1 முதல் இங்கே மலேசியாவில் இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3,200 வெள்ளியாக ஏறியது. 10 கிலோ 26 வெள்ளி உள்நாட்டு அரிசியைத் தேடிக் கடை கடையாக அலைந்தோமே, மறந்துவிட்டதா? நாம் உண்ணும் அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. ஒரு சட்டி மொச்சை அரிசிப் பஞ்சத்தைத் தீர்த்துவிடும் என்று சொல்ல வரவில்லை. விதையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் கண் நம் பிள்ளைகளிடம் இல்லாமல் போவதுதான் என் பயம்.

அதனால் கேட்கிறேன். இந்த ஆடிக்குச் சட்டிகளை வெளியே சொல்லி வாங்காதீர்கள். கோவிலில் ஓர் அறையை ஒன்பது நாளைக்கு ஒதுக்குங்கள். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, 100 விதை போட்டால் எத்தனை முளைக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். நவதானியத்துக்கான நெல்லையாவது பெனாகா பக்கத்து வயல்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்குவோமே. அவருக்கும் நமக்கும் ஒரு பழக்கம் உண்டாகும்.

அப்புறம் இன்னொன்று. தமிழ்நாட்டில் பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன், விவசாயிகளுக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுத்து, அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். அதேபோல, நன்றாக முளைத்த வகையின் மீதி விதையில் ஆளுக்கு ஒரு பிடி பிரசாதமாகக் கொடுங்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்து, அடுத்த ஆடிக்கு இரண்டு பிடியாகக் கொண்டு வரட்டும்.

விதைக்கும் நாளைச் சொன்னால் போதும். எருவும் சாம்பலும் நான் கொண்டு வருகிறேன். பாட்டியின் மண்சட்டி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, அதையும்.

அன்புடன்,
பட்டர்வொர்த் பக்தை ஒருத்தி