பின்னை மாத்தினா போதாதுங்க, வோல்ட்டைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய ஜப்பான் வீடியோ கேம் பெட்டிகளை சேகரிக்கிறது பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாதான் இருந்துச்சு, படமும் அருமை. ஆனா நடுவுல ஒரு வரி, ஜப்பான் பிளக்குக்கு ஒரு கன்வர்ட்டர் பின் வாங்கிட்டா நம்ம வீட்டு சுவிட்ச் போர்டுலயே சொருகி விளையாடலாம்னு இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதும் எனக்கு பகீர்னு ஆயிருச்சு. நான் அஸ்தம்பட்டி பக்கம் டிவி ரிப்பேர் கடை வச்சிருக்கேன், இந்தப் பெட்டிகளை சேர்க்கிற கிறுக்கும் எனக்கு இருக்கு, அதனால சும்மா விட முடியல. அந்த ஒரு வரிக்கு மட்டும் தயவுசெஞ்சு திருத்தம் போட்டுருங்க. லெட்டர் கொஞ்சம் நீளம்தான், இடம் பத்தலைன்னா கடைசியில இருந்து வெட்டுங்க, கரண்ட் விஷயத்துல மட்டும் கை வைக்காதீங்க.

ஜப்பான்ல வீட்டு கரண்ட் 100 வோல்ட், நம்மூர்ல 230. கன்வர்ட்டர் பின் சொருகற வடிவத்தைத்தான் மாத்தும், உள்ள போற வோல்ட்டை அது தொடவே தொடாது. இப்ப வர்ற செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாத்துலயும் 100-240ன்னு அச்சடிச்சிருக்கும், அது எந்த ஊர்லயும் ஓடும், அந்தப் பழக்கத்துல பசங்க இதையும் அப்படியே சொருகிடறாங்க. 1990கள்ல ஜப்பான் மார்க்கெட்டுக்குன்னு செஞ்ச சேகா சாட்டர்ன், முதல் பிளேஸ்டேஷன், ட்ரீம்காஸ்ட் இதெல்லாம் பவர் சப்ளை பெட்டிக்குள்ளயே இருக்கு, அது 100 வோல்ட்டுக்கு மட்டும் செஞ்சது. இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, பின்னாடி இருக்கிற ஓட்டை நம்ம பழைய டேப் ரெக்கார்டருக்கு சொருகற அதே எட்டு வடிவ பவர் கார்டுக்கான (கரண்ட் வயர்) ஓட்டை, அதனால கன்வர்ட்டர் பின்னு கூட வேணாம், வீட்ல கிடக்கிற கார்டே கச்சிதமா உக்காந்துரும்.

சமீபத்துல ஒரு காலேஜ் தம்பி சாட்டர்ன் ஒண்ணை துண்டுல சுத்தி கடைக்கு எடுத்துட்டு வந்தாப்ல, அண்ணா ஆன் பண்ணேன், டப்புன்னு சத்தம் வந்துச்சு, அதோட சரிங்கறாப்ல. மூடியக் கழட்டினதும் மீன் நாத்தம் மாதிரி ஒரு வாடை, எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்கு அந்த வாடையே போதும், கபாசிட்டர், அதாவது கரண்ட்ட தேக்கி வைக்கிற உறுப்பு, வாயப் பொளந்துருச்சுன்னு அர்த்தம். ஃபியூஸ் கண்ணாடி உள்பக்கம் முழுக்க கருப்பு, பெரிய கபாசிட்டரோட தலை உப்பி நடுவுல பிளந்து, பழுப்பு கலர்ல தண்ணி போர்டு மேல வழிஞ்சு காஞ்சு கிடக்கு. கணக்கு ரொம்ப சிம்பிள்ங்க, 100 வோல்ட் ஏசி உள்ள வந்தா டிசியா மாறும்போது சுமார் 141 வோல்ட், அதுக்கு வழக்கமா 200 வோல்ட் தாங்குற கபாசிட்டர் போட்டிருப்பாங்க, நம்ம 230 உள்ள போனா அது 325 ஆகுது, தாங்குமா? தம்பிக்கு நல்ல நேரம், ஃபியூஸ் போனதோட சேதம் சப்ளை போர்டோட நின்னுருச்சு, மெயின் போர்டு தப்பிச்சிருச்சு. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

அதனால இந்த மாதிரி பெட்டி வாங்கறதுக்கு முன்னாடியே நம்ம 230 வோல்ட்டை 100ஆ குறைக்கிற ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வச்சுக்கோங்க. கடையில ரெடியா கிடைக்கிறது பெரும்பாலும் 110 வோல்ட், நமக்கு வேண்டியது 100, சேலத்துல டிரான்ஸ்ஃபார்மர் சுத்தித் தர்றவங்க இன்னும் இருக்காங்க, 100 வோல்ட் வெளிய வர்ற மாதிரி டேப்பிங் வச்சு சுத்திக் குடுங்கன்னு சொன்னா சுத்தித் தருவாங்க, தாங்குற பவர் 100 விஏ இருந்தா தாராளம். கையில தூக்குனா கனமா இருக்கணும், அதான் நல்ல டிரான்ஸ்ஃபார்மருக்கு அடையாளம். ஹேர் டிரையருக்குன்னு விக்கிற லேசான கன்வர்ட்டர் பக்கம் போயிராதீங்க, அது எலக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ஆகாது.

நின்டெண்டோ கம்பெனியோட ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், அப்புறம் மெகா டிரைவ், பிசி எஞ்சின்னு வர்ற பெட்டி இதுக்கெல்லாம் அடாப்டர் வெளிய தனியா இருக்கும், அது ஒரு பெரிய நிம்மதி, ஜப்பான் அடாப்டரை தொடவே வேணாம், இங்கயே ஒரு அடாப்டர் வாங்கிக்கலாம். ஃபேமிகாமுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் ஒரே அடாப்டர்தான், லேபிள்ல டிசி 10 வோல்ட் 850 மில்லி ஆம்பியர்னு இருக்கும், உள்ள ரெகுலேட்டர் அத 5 வோல்ட்டா குறைச்சுக்கும், அதனால நம்மூர் 9 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரே போதும். ஆனா நடுப்பின் மைனஸ், வெளிச்சுத்து பிளஸ். நம்மூர் கடையில விக்கிறது முக்காவாசி இதுக்கு நேர் எதிரா நடுப்பின் பிளஸ்ஸா இருக்கும், கடைக்காரர்கிட்ட மீட்டர் வச்சு காட்டச் சொல்லி வாங்குங்க. இன்னொண்ணு, ஃபேமிகாமையே அமெரிக்காவுக்குன்னு மாத்தி வித்த என்இஎஸ் பெட்டியோட அடாப்டர் ஏசி குடுக்கும், பின்னு பொருந்துதேன்னு அத ஃபேமிகாம்ல சொருகிட்டா பெட்டி காலி.

அடுத்தது டிவி. இதப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்லீங்க. முதல் ஃபேமிகாம், 1983 ஜூலை 15ல 14,800 யென்னுக்கு வந்த அந்த சிவப்பு வெள்ளைப் பெட்டி, அதுல ஏவி வயர் சொருக இடமே கிடையாது, ஆன்டெனா வயர் வழியாத்தான் படம் வரும், அதுவும் ஜப்பான் டிவியோட ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் சேனல்ல. அந்த சேனல் ரெண்டும் 90ல இருந்து 102 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அதாவது நாம இங்க எஃப்எம் ரேடியோ கேக்குற இடம், நம்மூர் டிவி பலதுல ட்யூனர் அங்க போகவே போகாது. அப்படியே போய் படம் புடிச்சாலும் சத்தம் வராது, ஏன்னா ஜப்பான்ல படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவுல 4.5 மெகாஹெர்ட்ஸ் தூரம், நம்மூர்ல 5.5. பெட்டி கெட்டுப்போச்சுன்னு நெனச்சு பாதி விலைக்கு தள்ளிவிட்டவங்களை நானே பார்த்திருக்கேன், பெட்டி மேல ஒரு தப்பும் இல்ல. சிவப்பு வெள்ளைதான் வேணும்னு மனசு அடம் புடிச்சா ஏற்கனவே ஏவி மாத்தி வச்சதா பார்த்து வாங்குங்க, இல்லன்னா 1993 டிசம்பர்ல நின்டெண்டோவே விட்ட ஏவி ஃபேமிகாம் வாங்குங்க, அதுக்கு சூப்பர் ஃபேமிகாமோட ஏவி வயரே போதும்.

கலர் விஷயமும் இருக்கு. டிவிக்கு கலர் அனுப்புற முறை ஜப்பான்ல என்டிஎஸ்சி, நம்மூர்ல பால் சிஸ்டம், ஆவின் பால் இல்லீங்க. சாலிடேர், டயனோரா காலத்து செட்டுல என்டிஎஸ்சி குடுத்தா படம் கருப்பு வெள்ளையா வரும், இல்லன்னா மேலயும் கீழயும் உருண்டுட்டே இருக்கும். 90கள் கடைசியில வந்த கலர் டிவில நிறைய ரெண்டு முறையையும் புடிக்கிற மல்டி சிஸ்டம், ஏவில குடுத்தா தானா புடிச்சுக்கும். இப்ப இருக்கிற எல்இடி டிவியிலயும் படம் வரும், ஆனா மங்கலா வரும், பட்டன அமுக்குனா மாரியோ ஒரு நொடி யோசிச்சுட்டுக் குதிக்கிற மாதிரி இருக்கும், துப்பாக்கி வச்சு சுடற கேம் எல்இடில வேலையே செய்யாது, அது பிக்சர் டியூப் டிவியில மட்டும்தான். அதனால பரண்ல கிடக்கிற குண்டு டிவிய எடைக்குப் போட்டுராதீங்க. ஆனா பின்பக்கத்த மட்டும் யூடியூப் பார்த்துட்டு நீங்களா கழட்ட வேணாம், ஓடும்போது டியூப்ல 20,000 வோல்ட்டுக்கு மேல நிக்கும், அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் தேங்கி இருக்கலாம், அத மெக்கானிக்கிட்ட விட்டுருங்க.

சரி, முதல் பெட்டி எது வாங்கறது? கடைக்கு வர்ற பசங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க, நான் யோசிக்காம சூப்பர் ஃபேமிகாம்னு சொல்லிருவேன். 1990 நவம்பர் 21ல 25,000 யென்னுக்கு வந்துச்சு, ஜப்பான்ல மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல வித்துச்சு, அதனால பழசு இன்னும் ஏராளமா கிடைக்குது. ஏவி நேரா வரும், அடாப்டர் இங்கயே கிடைக்கும், மோட்டார் பெல்ட்னு ஓடுற உறுப்பு ஒண்ணும் இல்ல. சிலது மேல் மூடி மட்டும் மஞ்சளாவும் கீழ்ப்பக்கம் சாம்பலாவும் இருக்கும், பிளாஸ்டிக் வயசானா அப்படித்தான், ஓட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, மஞ்சள காட்டி விலைய குறைச்சுக் கேளுங்க.

ஆரம்பத்துலயே தொடக்கூடாதது எதுன்னா சேகா கேம் கியர், பிசி எஞ்சின் டியோ, அப்புறம் 1986ல வந்த ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம். முதல் ரெண்டுலயும் சின்ன கபாசிட்டர் எல்லாம் ஒழுகி போர்டையே அரிச்சிருக்கும், டிஸ்க் சிஸ்டத்துல ரப்பர் பெல்ட் உருகி தார் மாதிரி ஒட்டிக் கிடக்கும். செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளி கொலுசுப் பட்டறையில பத்த வைக்கிற (சால்டரிங் பண்ற) கைக்காரங்க யாராச்சும் சொந்தத்துல இருந்து, பொறுமையும் இருந்தா பாத்துக்கலாம், புதுசா வர்றவங்களுக்கு வேணாம்.

கேசட்டு வாங்கும்போது ஜப்பான் மொழி படிக்கத் தெரியுமான்னு ஒரு தடவ யோசிங்க. டிராகன் குவெஸ்ட், ஃபைனல் ஃபேன்டஸி எல்லாம் பக்கம் பக்கமா பேசிட்டே இருக்கும், ஒண்ணும் புரியாது, சூப்பர் மாரியோ வேர்ல்டு, எஃப் ஜீரோ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மாதிரி கைதான் பேசும்ங்கிற கேமா பாருங்க. சேவ் பண்ற கேசட்டுக்குள்ள நாணயம் மாதிரி ஒரு பேட்டரி பத்த வச்சிருப்பாங்க, 30 வருஷத்துக்கு மேல ஆச்சே, பலதுல செத்துப் போயிருக்கும், கேம் ஓடும் ஆனா சேவ் நிக்காது. மாத்தறது சுலபம், ரெண்டு பக்கமும் சின்ன தகடு ஒட்டி வர்ற பேட்டரியா வாங்கி அந்த தகட்டுல பத்த வைக்கணும், வெறும் பேட்டரி மேல சால்டரிங் அயர்ன வச்சா வெடிக்கும். டூப்ளிகேட் கேசட்டும் ஏகப்பட்டது வருது, சந்தேகம் இருந்தா உள் போர்டு ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்க, சூப்பர் ஃபேமிகாம் கேசட்டு ஒரிஜினல்னா போர்டு மேல பெரும்பாலும் நின்டெண்டோன்னு அச்சு இருக்கும், தரலைன்னா விட்டுருங்க.

சின்ன வயசுல எல்லாரும் கேசட்ட கழட்டி ஃபூன்னு ஊதி சொருகுனவங்கதான், அத இனிமே விட்டுருங்க, எச்சில் ஈரம் பட்டுத்தான் காப்பர் பச்சை புடிக்குது. பட்ஸ்ல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு காண்டாக்ட்ட துடைச்சா முதல் பட்ஸ் கரியா வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் துடைங்க, காஞ்ச பிறகு சொருகுங்க, ஓடலைன்னு வர்ற கேசட்டுல பெரும்பாதி இதுலயே ஓடிரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. வச்சுக்கிற இடமும் முக்கியம், ஏற்காட்டுல எஸ்டேட் வேலையில இருக்கிற என் மச்சான் அட்டைப்பெட்டியோட வாங்கி அலமாரியில அழகா அடுக்கி வச்சாரு, ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் பார்த்தா அட்டை எல்லாம் பூசணம், லேபிள் ஓரம் உரிஞ்சு தொங்குது. மலை மேல இருக்கிறவங்க மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. கீழ சேலத்துல பிரச்சனை வேற, சித்திரை வெயில்ல ஷீட் போட்ட மாடி ரூம்ல வச்சா பெட்டி சீக்கிரமே பழுத்துரும்.

வாங்கறது எங்கன்னா, ஜப்பான் ஏல சைட்டுல இருந்து நமக்காக வாங்கி அனுப்புற ஏஜென்ட் சர்வீஸ் இருக்கு. அங்க ஜங்க்னு போட்டிருந்தா செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, ஓட்டிப் பார்க்கல, கேரண்டி கிடையாதுன்னு அர்த்தம், ஓடவும் செய்யும் ஓடாமலும் போகும். பெட்டி விலை சல்லிசா தெரியும், அதுக்கு மேல ஏஜென்ட் கமிஷன், எடைக்கு கூரியர், இங்க வந்தா கஸ்டம்ஸ் வரி, எல்லாம் கூட்டிப் பார்த்தா சில சமயம் பெட்டிய விட கூலி ஜாஸ்தியா போயிரும், அதனால ஒண்ணொண்ணா வரவழைக்காம கேசட்டு, கன்ட்ரோலர் எல்லாம் சேர்த்து ஒரே பார்சலா போடச் சொல்லுங்க. டோக்கியோவுல ஐடி வேலையில சொந்தக்காரங்க இருந்தா அவங்க லீவுக்கு வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்றதுதான் எல்லாத்துலயும் உசத்தி.

கடைசியா ஒண்ணு. 90கள்ல நம்ம வீட்ல இருந்த மைக்ரோ ஜீனியஸ், லிட்டில் மாஸ்டர் பெட்டி எல்லாம் ஃபேமிகாமோட காப்பிதான், கேசட்டுல அதே 60 பின், அதனால போகிக்கு வீட்ட ஒழிக்கும்போது கிடைக்கிற பழைய காண்ட்ரா கேசட்டு ஜப்பான் ஃபேமிகாம்லயும் சொருகும், பெரும்பாலும் ஓடவும் செய்யும். பழைய இரும்புக்காரர்கிட்ட போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ துடைச்சுப் போட்டுப் பாருங்க.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.