பாப்பாவுக்கு, நிறங்கள் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் அனுப்பிய லிங்க் எல்லாம் வந்து சேர்ந்ததா? நீல டிக் விழுந்திருக்கிறது, பார்த்திருப்பாள் என்கிறாள் அம்மா. பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிற ஆளா நீ? முன்பெல்லாம் நடுராத்திரியில்கூட ‘அப்பா இதைப் பாருங்க’ என்று எதையாவது தட்டிவிடுவாய். நான் தூக்கக் கலக்கத்தில் திட்டிக்கொண்டே பார்ப்பேன்.

அந்த டச்சுக்காரர் புத்தகத்தையாவது பார்த்தாயா? ஏ. போகர்ட் என்று பெயர். நீர்வண்ணம் கலப்பது எப்படி என்று 1692இல் கையால் எழுதி வைத்திருக்கிறார். 700 பக்கங்களுக்கு மேல். ஒரு நிறத்தை எடுத்துக்கொள்கிறார், ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று சேர்த்து அது எப்படி வெளுத்துக்கொண்டே போகிறது என்று கட்டம் கட்டமாகப் பூசிக் காட்டுகிறார். எல்லாம் தூரிகை வேலை. பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நூலகத்தில் இருந்ததை 2014இல் ஒருவர் இணையத்தில் எடுத்துச் சொல்ல, உலகமே வாய் பிளந்தது. அச்சு பிரஸ்ஸில் நாங்கள் பூட்டிப் பூட்டி வைத்திருந்த, ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கொடுக்கிற பான்டோன் முறையே 1963இல்தான் வந்தது. இந்த மனுஷன் யார் கேட்டு இவ்வளவும் பூசினார் என்று யோசித்துக்கொண்டே படுத்தேன், தூக்கம் வரவில்லை.

நீ படம் சேர்த்து வைக்கிற பின்டரெஸ்ட் பக்கத்தையும் அவ்வப்போது பார்க்கிறேன். வேவு பார்க்கிறேன் என்று நினைக்காதே, பொழுதுபோகத்தான். கீழே போகப் போக நன்றாக இருக்கிறது. வெனிஸ் பக்கத்துத் தீவு புரானோவின் கலர் கலரான வீடுகள், மொரோக்கோ ஓடுகள், பழைய தீப்பெட்டி லேபிள்கள், மெக்சிகோவில் கட்டடக் கலைஞர் பாரகான் கட்டிய அந்த ரோஸ் சுவர். மேலே வந்தால் வெள்ளை அறை, சாம்பல் நாற்காலி, மறுபடியும் வெள்ளை அறை. இதுதான் இப்போது ஃபேஷன் என்பாய். சரி, இருக்கட்டும். அப்புறம் அதுவும் நின்றுவிட்டதே? வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வேலை அதிகமாக இருந்தால் நல்லதுதான்.

நீ அட்டைப்படம் செய்த புத்தகத்தை ஐகிளாஸ், அதான் அந்த உருப்பெருக்கிக் கண்ணாடி, வைத்துப் பார்த்தேன். அந்த ஆரஞ்சு வானத்தில் ஆரஞ்சு மை ஒரு சொட்டுகூட இல்லை. மஞ்சள் புள்ளி, அதை ஒட்டியும் அதன் மேலேயும் மெஜந்தா புள்ளி, ஓரத்தில் பொடிப் பொடியாகக் கறுப்பு. ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று பொருந்துகிற ரெஜிஸ்டர் மயிரிழை பிசகவில்லை, அச்சடித்த பையனுக்கு ஒரு சபாஷ். ஆனால் அந்த ஆரஞ்சுக்குப் பக்கத்தில் அழுக்குப் பச்சையைக் கொண்டுவந்து வைக்கிற துணிச்சல் உன்னுடையது. எனக்கு வந்திருக்காது. பழைய பிரஸ் ஆட்கள் அத்தனை பேருக்கும் காட்டிவிட்டேன். போதும் நிறுத்துங்கள் என்றாள் அம்மா.

இவ்வளவு தெரிந்தவள் திரையிலேயே கண்ணை நட்டுக்கொண்டு கிடக்கலாமா? திரை நிறத்தை நம்பாதே என்று உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். அது வெளிச்சம், இது மை. அங்கே மின்னுகிற பச்சை, அச்சின் நாலு கலர் மையில் இறங்கி வராது. எங்கேயாவது வெளியே போ. பாரகான், சுவருக்கு நிறம் முடிவு செய்வதற்கு முன்னால், அந்த இடத்துக்கே வேறு வேறு நேரங்களில் போய் நின்று பார்ப்பாராம். காலை வெயிலில் ஒரு ரோஸ், சாயங்காலம் வேறொரு ரோஸ். உன் பின்டரெஸ்ட் பக்கத்தில் இருக்கிற படம் அதில் ஒரு நொடிதான்.

இன்னொன்று. மாஸ் சுப்ரமணியன் பற்றி அனுப்பியிருந்தேனே, அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற வேதியியல்காரர். மின்னணுச் சாதனங்களுக்கு ஏதாவது புதுப் பொருள் கிடைக்குமா என்று 2009இல் யிட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்ஸைடுகளைக் கலந்து உலையில் வைத்திருக்கிறார்கள். சூடு 1200 டிகிரி செல்சியஸ் பக்கம். மாணவர் வெளியே எடுத்தால் பளீரென்று நீலம். யாரும் நீலத்தைத் தேடவில்லை. தேடியது வரவில்லை என்று கழித்துக் கட்டாமல் அதையே உற்றுப் பார்த்திருக்கிறார்கள். சின்ன வயதில் நீயும் அப்படித்தான். மெஷினில் கலர் செட் ஆகும்வரை ஓட்டித் தள்ளுகிற வேஸ்ட் ஷீட்டைப் பொறுக்கி வருவாய். கல்யாணப் பத்திரிகை மேல் மருந்து லேபிள், அதன் மேல் காலண்டர் சாமி என்று ஒரே தாளில் மூன்று நாலு வேலை ஏறியிருக்கும். எனக்கு அது குப்பை. நீ அதில் இரண்டு அங்குலம் வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பாய். அந்த நோட்டு பரணில் பத்திரமாக இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

வெளியே போய்ப் பார் என்று சொன்னேன் இல்லையா, மறந்துவிடாதே. பக்கத்துத் தெருவாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் ஆபீஸ் இணையப் பக்கத்தை எதேச்சையாகப் பார்த்தேன். எல்லார் படமும் இருக்கிறது, உன்னுடையதைக் காணோம். பக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் டிசைன் செய்கிறவர்களுக்குத் தங்கள் பக்கத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை பார். தம்பியிடம் கேட்டேன், அவன் பேச்சை மாற்றிவிட்டான். அவனுக்கு எப்போதுமே பொய் சொல்ல வராது.

2015இல் என்ன நிறம் என்று இணையமே அடித்துக்கொண்ட அந்தக் கவுன் படத்துக்காக வீட்டில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் இரண்டு பேரும் வெள்ளை-தங்கம், நான் நீலம்-கறுப்பு. கவுன் நிஜத்தில் நீலம்-கறுப்புதான், அதை இன்னொரு முறை பதிவு செய்கிறேன். நிழலில் இருக்கிற துணி என்று மூளை எடுத்துக்கொண்டால் வெள்ளையாகத் தெரியுமாம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. ஆனாலும் மூன்றாம் நாள் பேசினாய்.

புரானோவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னது நீதான், நான் கேட்கவில்லை. அங்கே வீட்டுக்கு நினைத்த கலரெல்லாம் அடிக்க முடியாதாம். நகராட்சியிடம் கேட்க வேண்டும், அந்த இடத்துக்கு எந்தெந்த நிறம் சரி என்று அவர்கள் சொல்வார்கள். உன் பச்சைக் கதவெல்லாம் அங்கே நடக்காது. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாயிற்று. உனக்கு எப்போது தோது என்று மட்டும் எழுது. லீவு கிடைத்தாலும் சரி, லீவே கேட்கத் தேவையில்லாத நிலைமை என்றாலும் சரி. டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா