ஓடைக்கரைப் பெரணி அங்கேயே இருக்கட்டும்

குன்னூர்
மாசி முதல் வாரம்

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். மாடிப்படி ஏறுவதை இன்னும் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வை. பேத்தி பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய செய்தியை அவரிடம் வாசித்துக் காட்டினேன். நம் கல்லூரி நாள்களில் நீ மேடையேறிப் பேசியதை நினைவுபடுத்தி நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மாலை நான்கு மணிக்கெல்லாம் குளிர் இறங்கிவிடுகிறது. தலைகுந்தாப் பக்கம் தை முழுவதும் உறைபனி. மலைச்சரிவில் பெரணி (ஃபெர்ன்) புதர்கள் கருகிப் பழுப்பாகக் கிடக்கின்றன. மண்ணுக்கடியில் தண்டு உயிரோடு இருப்பதால், கோடை மழை விழுந்ததும் மறுபடி துளிர்த்துவிடும்.

உன் வீட்டுப் பெரணியைப் பற்றி நீ எழுதியிருந்ததற்கு வருகிறேன். அதற்காகத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் பழுப்புப் புள்ளிகள். இலையின் அடிப்பக்கம் முழுக்கப் புள்ளி வந்திருக்கிறது, மருமகள் அதைச் செதில் பூச்சி என்று எண்ணி வேப்பெண்ணெய் தெளிக்கப் போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். உடனே நிறுத்தச் சொல். எண்ணெய்ப் பூச்சைப் பெரணியின் மெல்லிய இலை தாங்காது, கருகிவிடும். ஓர் இலையைத் திருப்பிப் பார். நடுநரம்பின் இரு பக்கமும் ஒரே இடைவெளியில், கோடு போட்டு வைத்ததுபோல் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அவை பூச்சி அல்ல, அந்தச் செடியின் வித்துப் பைகள். பூச்சி அப்படி ஒழுங்காக உட்காராது. காம்பில் இரண்டு, நரம்போரம் நான்கு என்று கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் நெம்பினால் முழுதாகப் பெயர்ந்து வரும், இலையில் பிசுபிசுப்பு இருக்கும், எறும்பு ஏறும். உன் செடியில் எறும்பைக் காணவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே அது நன்றாக வளர்ந்து பருவத்துக்கு வந்திருக்கிறது என்று மகிழ்ச்சி அடை.

பெரணி பூக்காது, காய்க்காது, விதையும் இல்லை. அந்தப் பைகளிலிருந்து தூளாக உதிரும், ஸ்போர் என்கிற நுண்வித்துதான் எல்லாம். அந்தத் தூள் ஈர மண்ணில் விழுந்தால் நேராகப் பெரணி முளைப்பதில்லை. இதய வடிவில், சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு பச்சைச் செதில் முதலில் உண்டாகிறது. ஆண் அணுவும் பெண் அணுவும் அந்தச் செதிலின் அடிப்பக்கத்தில்தான் உருவாகின்றன. ஆண் அணு நீந்திப் போய்ச் சேர ஒரு நீர்ப்படலம் வேண்டும். அந்த ஈரம் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. டைனோசர்களுக்கும் வெகுகாலம் முன்பிருந்தே இந்த முறை மாறவில்லை. வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டிய காலத்தில்கூட எனக்கு இது இவ்வளவு வியப்பாக இருந்ததில்லை. இப்போது எங்கள் கிணற்றடிச் சுவரில் அந்தப் பச்சைச் செதில்களைப் பார்க்கும்போதெல்லாம் நின்றுவிடுகிறேன்.

இரண்டாவது, இலை நுனி காய்வது. தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் காய்கிறதே என்று கேட்டிருக்கிறாய். தண்ணீரின் அளவில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சந்தேகம் தண்ணீரின் குணத்தின் மேல்தான். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது, அது கழித்து வெளியேற்றும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு விடுகிறோம் என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தாய். நல்ல எண்ணம்தான், ஆனால் போர்வெல் தண்ணீரின் உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் திரண்டு சேர்கிறது. அதைக் கழுவுவதற்கும் துடைப்பதற்கும் வைத்துக்கொள். பெரணிக்கு வேண்டாம். மலைமண்ணும் மலைநீரும் உப்புக் குறைந்தவை, அதில் பழகிய வேர் அது. குடிக்கும் தண்ணீரிலேயே ஒரு செம்பு கொடு. ஐப்பசி மழை வரும்போது மொட்டைமாடியில் ஒரு பீப்பாய் வைத்துப் பிடித்துக்கொள். இப்போதைக்கு, தொட்டியின் அடித்துளை வழியாக ஓடும் அளவுக்கு நல்ல தண்ணீரை இரண்டு மூன்று தடவை ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவி விடு. காய்ந்த நுனி மறுபடி பச்சையாகாது, அதைக் கத்தரித்துவிடலாம். புதிதாகச் சுருள் அவிழ்ந்து வரும் இலையைப் பார்த்துத்தான் தேறுகிறதா என்று தெரிந்துகொள்ள முடியும்.

நாம் மலை ரயிலில் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும்போது கல்லாறு தாண்டியதும் நீ ஜன்னல் பக்கம் நகர்ந்துகொள்வாய், நினைவிருக்கிறதா? ஹில்குரோவ் வரும்வரை பாறையைக் குடைந்த சுவர்களில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், சுவர் முழுக்கப் பெரணி தொங்கும். அங்கே மண் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒரு விரல் கனத்துக்குப் பாசி, அதில் சிக்கிய தூசி, அவ்வளவுதான். தண்ணீர் ஒரு நாளும் நிற்பதில்லை, ஒரு நாளும் தேங்குவதும் இல்லை. வீட்டுத் தொட்டியில் நாம் இதைத்தான் செய்ய முயல வேண்டும். உன் தொட்டியில் செம்மண்ணை அழுத்தி நிரப்பியிருக்கிறார்கள் என்றால் இந்த மாதமே மாற்றிவிடு. இலைமட்கு ஒரு பங்கு, நன்றாக அலசிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, மணலும் உடைத்த அடுப்புக்கரியும் சேர்த்து ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவை அலசாமல் போடாதே, அதிலும் உப்பு இருக்கும். செடியின் தண்டுப் பகுதியை மண்ணுக்குள் புதைக்காமல் மேலேயே விடு, புதைந்தால் அழுகும். உரம் அதிகம் கேட்காத செடி இது. மழைக்காலத்தில் மண்புழு உரத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து எப்போதாவது ஊற்றினால் போதும்.

மண்ணை மாற்றும்போது வேர்களுக்கிடையே கோலிக்குண்டு அளவில் உருண்டைகள் தென்பட்டால் பயப்படாதே. நீ எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், வாள்போல் நீண்டு, இரு பக்கமும் சிற்றிலை வைத்த நெஃப்ரோலெப்பிஸ் வகைதான் உன்னிடம் இருப்பது. அதில் ஓர் இனம் மண்ணுக்கடியில் ஓடும் மெல்லிய தண்டில் அப்படி உருண்டை கட்டித் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அந்த இனமாக இருந்தால் நீ கொடுத்து வைத்தவள். மதுரையில் வீட்டுக்குள் வளர்க்கப் பெரணிகளில் அதைவிடப் பொறுமையானது கிடைப்பது அரிது.

ஆனால் மண்ணையும் தண்ணீரையும்விட எனக்குக் கவலை தருவது காற்றுதான். சோலைக்குள் நுழைந்தால் முகத்தில் ஒரு குளிர்ந்த ஈரம் படுமே, பெரணி வாழ்வது அந்த ஈரத்தில்தான். உங்கள் ஊரில் கத்திரி வெயில் நாள்களில் காற்றே இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். வேர் எவ்வளவு குடித்தாலும் ஈடு கட்டாது. அதனால்தான் ஈர மண்ணில் இருந்தும் நுனி காய்கிறது. ஏ.சி. ஓடும் அறையில் வைக்காதே. இலையில் தண்ணீர் தெளித்தால் அது காயும் வரைதான் பலன், அதை நம்பி இருக்க முடியாது. இப்படிச் செய்து பார். மானாமதுரை மண்தொட்டியில் பெரிதாக ஒன்று வாங்கி, அதற்குள் உன் செடித் தொட்டியை வைத்து, இரண்டுக்கும் நடுவே மணலைக் கொட்டி அந்த மணலை எப்போதும் ஈரமாக வைத்திரு. மண்பானையில் தண்ணீர் குளிர்வதுபோலவே, வெளித்தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாகி, வேரும் குளிரும், சுற்றியுள்ள காற்றும் கொஞ்சம் நனையும். பக்கத்தில் மற்ற செடிகளையும் நெருக்கி வை, ஒன்றின் மூச்சு இன்னொன்றுக்கு உதவும். நேர் வெயில் கூடாது. ஆனால் நடுக்கூடத்து இருட்டும் ஆகாது. புத்தகம் படிக்க விளக்குத் தேவைப்படாத வெளிச்சம் வேண்டும்.

இனி மூன்றாவது. நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. நம் பழைய வீட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் கறுப்புக் காம்போடு நிற்கும் மெய்டன்ஹேர் பெரணியைப் பெயர்த்து, பங்குனியில் மதுரைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லியிருக்கிறாய். மரகதம், நீ கேட்டு நான் மறுத்தது எதுவும் இல்லை. இதை மட்டும் செய்ய மாட்டேன்.

அந்தச் செடியின் இலை எவ்வளவு மெல்லியது என்று உனக்கே தெரியும். ஒரு நாள் மண் காய்ந்தால் இலை முழுவதும் சுருண்டுவிடும், அந்த இலை பிறகு மீள்வதில்லை. அடியோடு வெட்டிவிட்டு ஈரம் காத்தால் தண்டிலிருந்து புது இலை வரும் என்பது உண்மை. ஆனால் மதுரைக் கோடையில் எத்தனை முறை அதை அப்படி வெட்டி வளர்ப்பாய்? அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அந்த ஓடைக்கரை முன்போல் இல்லை. மேலே வீடுகள் வந்துவிட்டன, தண்ணீர் மெலிந்துவிட்டது. சீசனுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கொத்தாகப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். மிஞ்சியிருப்பதிலிருந்து நானும் ஒன்றைப் பெயர்க்க முடியாது. காப்புக்காட்டில் செடி பெயர்ப்பது குற்றம் என்பது இருக்கட்டும், சட்டமே இல்லாவிட்டாலும் என் கை போகாது. சோலைகளில் மரப்பெரணிகளுக்கு நேர்ந்ததை நினைத்துப் பார். தண்டைச் சுற்றி வேர்நார் அடர்ந்திருக்கிறது, ஆர்க்கிட் ஒட்டி வளர்க்க வசதி என்பதற்காக, ஆள் உயரம் வளரவே நெடுங்காலம் பிடிக்கும் மரத்தை வெட்டினார்கள். இன்று நாடுகளுக்கிடையே அதன் வணிகத்துக்கே கட்டுப்பாடு இருக்கிறது. சிம்ஸ் பூங்காவுக்குப் போகும்போதெல்லாம் அங்கே நிற்கும் மரப்பெரணியின் அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறேன்.

உனக்கு வெறுங்கையோடு வர மாட்டேன். நீ மூட்டுவலிக்கு முடவாட்டுக்கால் சூப் குடித்ததாக எழுதியிருந்தாயே, கொல்லிமலையில் விற்கும் அந்த ரோமம் அடர்ந்த கிழங்கும் ஒரு பெரணியின் தண்டுதான். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும், சமவெளி வெயிலைத் தாங்கும். வலிக்குக் கேட்குமா என்பதை மருத்துவரிடம் கேள், ஆனால் வீட்டில் வளர்க்க அருமையான செடி. நர்சரியில் வளர்த்த ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். மண்ணில் நடாமல், ஒரு மரத்துண்டில் நாரால் கட்டி உன் வீட்டுப் பால்கனி நிழலில் தொங்கவிடு. இரண்டு வகை இலை விடும். பச்சை நீள இலை ஒன்று, அடியில் கிழங்கை அணைத்தபடி காய்ந்து பழுப்பாக நிற்கும் குட்டை இலை ஒன்று. அந்தப் பழுப்பு இலையை வாடியது என்று கிள்ளி எறிந்துவிடாதே. சருகையும் தூசியையும் பிடித்து, மட்க வைத்து, செடிக்கு உணவு சேர்ப்பது அதுதான். மருமகளிடமும் சொல்லி வை.

ஓடைக்கரைச் செடியிலிருந்து ஒன்றே ஒன்று எடுப்பேன். இலை விளிம்பு உள்மடிந்து, அதற்கடியில் வித்து முற்றியிருக்கும் ஒரு சிறு காம்பு. அதனால் செடிக்கு நட்டமில்லை. ஒரு காகித உறையில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் தூள் கொட்டிவிடும். அதை உன் பேத்திக்குக் கொடுக்கிறேன். கண்ணாடிச் சாடியில் இலைமட்கைப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு, மேலே தூளைத் தூவி மூடி வைக்கட்டும். சில வாரங்களில் பச்சைப் படலம் வரும், அதிலிருந்து பெரணி தலைகாட்டச் சில மாதம் ஆகும். சாடிக்குள் ஈரம் சுற்றிச் சுற்றி வருவதால் மதுரை வெயிலிலும் மெய்டன்ஹேர் அதற்குள் வாழும். மூடியைத் திறந்து வெளியே வைக்க மட்டும் ஆசைப்படக் கூடாது, சாடியை வெயிலிலும் வைக்கக் கூடாது.

அவளுக்கு ஒரு கதையும் சொல்லப் போகிறேன். 1829-ல் லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர், அந்துப்பூச்சிக் கூடு ஒன்றைப் பார்ப்பதற்காக ஈர மண்ணோடு ஒரு சாடியில் மூடி வைத்தார். புகை மண்டிய அந்த ஊரில் அவர் தோட்டத்துப் பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்த நேரம். மூடிய சாடிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து வளர்ந்தது. அதிலிருந்துதான் செடிகளைக் கப்பலில் கொண்டுபோகும் கண்ணாடிப் பெட்டி பிறந்தது. 1860-ல் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் தென்னமெரிக்காவிலிருந்து நீலகிரிக்கு அனுப்பிய, கொய்னா மருந்து தரும் சின்கோனாச் செடிகள் அந்தப் பெட்டிகளில்தான் வந்தன. அவை வழியில் வெப்பத்தில் வாடி, வந்த பிறகு பட்டுப்போயின, 1861-ல் வந்தவை பிழைத்தன. அவற்றை ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மக்ஐவர் பெருக்கினார், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மலேரியாவுக்கு மருந்தான கொய்னாப் பட்டை நம் மலைக்கு வந்த வழியில் ஒரு சாடிப் பெரணிக்கும் பங்கு உண்டு என்று பேத்தி தன் வகுப்பில் போய்ச் சொல்லட்டும்.

பங்குனி உத்திரத்துக்கு முன்பாகவே வந்துவிடப் பார்க்கிறேன். டிக்கெட் எடுத்ததும் எழுதுகிறேன். அதற்குள் நீ இரண்டு விஷயம் பார்த்து வை. உன் சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்ததா, வடக்கா? பால்கனியில் மதியம் எத்தனை மணிக்கு வெயில் விழ ஆரம்பிக்கிறது? அடுத்த கடிதத்தில் எழுது, எந்தச் செடியை எங்கே வைப்பது என்று முடிவு செய்துகொண்டு வருகிறேன்.

வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு.

உன்
செல்வி