ரீலோடிங் மேசை போட்டால் கட்டுப்படியாகுமா? நண்பனுக்கு ஒரு கடிதம்

ஹூஸ்டன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. கிரீன் கார்டு வந்துவிட்டது, பிட்ஸ்பர்க் வீட்டில் பால் காய்ச்சியாயிற்று, 9 எம்எம் பிஸ்டலும் கையால் இயக்கும் .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளும் வாங்கியாயிற்று என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். தங்கச்சியும் பிள்ளைகளும் அந்த ஊர்க் குளிருக்குப் பழகிவிட்டார்களா? இங்கே எல்லோரும் சௌக்கியம். வெயிலைப் பற்றி மட்டும் கேட்காதே.

பேஸ்மென்ட்டில் மேசை போட்டு வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்தால், அதாவது சுட்ட பித்தளைக் கூட்டில் (கேஸ்) பொறி தரும் பிரைமரும் வெடிமருந்துப் பவுடரும் குண்டும் புதிதாகப் போட்டால், கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தாய். 9 எம்எம்முக்காக என்றால் வேண்டாம். .308-க்காக என்றால் தாராளமாகப் போடு, அதுவும் ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் ஒன்றோடு.

கணக்கைப் பார். விலை மாதாமாதம் மாறும், உன் ஊர் விலையைப் போட்டுக்கொள். 9 எம்எம் குண்டு 10 சென்ட், பிரைமர் 7 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு பவுடர் என்பது 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு 4.5 கிரெய்ன் வீதம் போனால் ஒரு பவுண்டில் 1,550 தோட்டா வரும். பவுடர் 40 டாலர் என்றால் தோட்டாவுக்கு இரண்டரை சென்ட். கேஸ் ரேஞ்சில் பொறுக்கியது, இனாம். ஆக மொத்தம் பத்தொன்பதரை சென்ட். கடையில் அதே தோட்டா 24 சென்ட்டுக்குக் கிடைத்தால் ஆயிரத்துக்கு 45 டாலர்தான் மிச்சம். புரோகிரசிவ் பிரஸ் (ஒரே இழுப்பில் பல வேலை செய்வது), டை (கேஸை அளவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலர் போட்டால், முதலைத் திரும்ப எடுக்கவே இருபத்திரண்டாயிரம் தோட்டா சுட வேண்டும். உன் நேரத்துக்குக் கூலி இதில் சேரவில்லை.

.308 கதை வேறு. 168 கிரெய்ன் மேட்ச் (போட்டிக்கான) குண்டு 45 சென்ட், பிரைமர் 8 சென்ட். பவுடர் நாற்பத்து மூன்று கிரெய்ன் அளவில் போகும், பவுண்டு 45 டாலர் என்றால் 28 சென்ட். 80 சென்ட் கேஸை எட்டு முறை பயன்படுத்தினால் தடவைக்கு 10 சென்ட். மொத்தம் 91 சென்ட். இதே தரத்தில் கடை மேட்ச் தோட்டா ஒன்றரை டாலர் என்றால் ஒவ்வொன்றிலும் 59 சென்ட் மிச்சம். ஐந்நூறு டாலர் செட் 850 தோட்டாவில் வசூலாகிவிடும். ஆனால் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை தொடங்கும் மான் சீசனுக்கு மட்டும் என்றால் இரண்டு பெட்டி கடைத் தோட்டாவே போதும், மேசையே வேண்டாம். 600 யார்டு போட்டிக்குப் போக ஆசை என்று எழுதியதால்தான் போடு என்கிறேன்.

பணத்தை விடப் பெரிய லாபம், உன் ரைஃபிளுக்கு எது ஒத்துவருகிறதோ அதையே ஒரே சீராகச் செய்துகொள்ள முடிவது. 2020-ல் தொடங்கிய தட்டுப்பாட்டில் கடை அலமாரி காலியாகக் கிடந்தபோது பிரைமர் இருப்பு வைத்திருந்தவர்கள் கவலையில்லாமல் சுட்டார்கள். ஆனால் பிரைமர் இல்லாதவனுக்குப் பிரஸ் இருந்தும் பிரயோஜனமில்லை, அதையும் நினைவில் வை.

பிரைமரும் பவுடரும் ஆன்லைனில் வாங்கினால் ஹஸ்மட் (ஆபத்தான சரக்கு) கட்டணம் தனியாக உண்டு. அதைப் பங்கிட ஆபீஸ் நண்பரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்றாய். அவர் எச்-1பி விசாவில் இருக்கிறார் அல்லவா, வேண்டாம். அமெரிக்க மத்திய சட்டத்தில் தோட்டா என்பதன் வரையறைக்குள் காலிக் கேஸ், பிரைமர், குண்டு, பவுடர் நான்குமே அடக்கம். எச்-1பி போன்ற நான்-இமிகிரன்ட் (தற்காலிக) விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல், இவற்றில் எதையும் வைத்திருக்கக் கூடாது. உன் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய மத்திய லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் செய்து விற்கிற தொழிலுக்கு டைப் 06 லைசென்ஸ் வேண்டும். இன்னொன்று, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஒருநாளும் சென்னைக்குப் போகும் விமானத்தில் எடுத்துப் போகாதே. மூலையில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் மீனம்பாக்கத்தில் ஆயுதச் சட்ட வழக்குதான்.

இனி மேசை. அகலம் ஐந்தடி, ஆழம் இரண்டடி போதும். மேல்பலகை ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பிரஸ்ஸை மேசையின் நடுவில் வைக்காதே, மேசைக் காலுக்கு நேர் மேலே விளிம்பை ஒட்டி வை. மர ஸ்குரூ நாளடைவில் பிடுங்கிக்கொள்ளும், பலகையைத் துளைத்து போல்ட் போட்டு அடியில் பெரிய வாஷரோடு முடுக்கு. ரைஃபிள் கேஸை சைஸ் செய்யும்போது (சுட்டு விரிந்த கேஸை டைக்குள் அழுத்தி அளவுக்குக் குறைப்பது) கைப்பிடியைக் கீழே அழுத்துவதைவிட, மேலே இழுக்கும்போதுதான் மேசை தூக்கிக்கொண்டு ஆடும். அதனால் பின்பக்கத்தைச் சுவருக்குள் இருக்கும் சட்டத்தோடு (ஸ்டட்) சேர்த்து முடுக்கிவிடு. தரையில் கார்ப்பெட் கூடாது. சிந்திய பிரைமர் அதில் ஒளிந்துகொள்ளும். சிந்திய பவுடரை வாக்கூம் கிளீனரால் உறிஞ்சாதே, மோட்டார்ப் பொறி பட்டால் பற்றும். துடைப்பமும் முறமும் போதும்.

பிரஸ்ஸுக்கு ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் அல்லது லீ கிளாசிக் காஸ்ட், இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ வாங்கு. பழையது கிடைத்தாலும் பயமில்லாமல் எடு, வார்ப்பிரும்பில் கெட்டுப்போக ஒன்றுமில்லை. டை செட், ஷெல்ஹோல்டர் (கேஸின் அடியைப் பிடிப்பது), கைப் பிரைமர் கருவி, பவுடர் மெஷர் (பவுடரை அளந்து விடுவது), டிரிக்லர் (துளித்துளியாகச் சேர்ப்பது), தராசு, சோதனை எடைக்கற்கள், ஆறு அங்குல காலிபர், டிரிம்மர் (கேஸின் நீளத்தை வெட்டுவது), சாம்ஃபர் கருவி (வாயின் பிசிறு எடுப்பது), கேஸ்களை நிறுத்தி வைக்க ஐம்பது குழி லோடிங் பிளாக், சமீபத்திய லைமன் அல்லது ஹார்னடி ரீலோடிங் கையேடு. காலிபரில் மாட்டும் ஹெட்ஸ்பேஸ் கம்பாரேட்டரைப் பலர் பிறகு பார்க்கலாம் என்று தள்ளுவார்கள். நீ முதல் நாளே வாங்கு, காரணம் சொல்கிறேன்.

சைஸிங் டையோடு வரும் சீட்டில், ஷெல்ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, பிறகு இன்னும் கொஞ்சம் திருப்பு என்றிருக்கும். அப்படிச் செய்தால் எந்த ரைஃபிளிலும் தோட்டா நுழையும். ஆனால் கேஸின் தோள்பட்டை (கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) உன் சேம்பருக்கு (குழலில் தோட்டா உட்காரும் குழி) தேவையானதைவிட அதிகமாகப் பின்னே தள்ளப்படும். சுடும்போது கேஸ் முன்னே போய் உட்கார்ந்து, அடிப்பாகம் பின்னே இழுபட்டு நீளும். ஒவ்வொரு முறையும் இதே நடந்தால் அடிக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, வெளியே பளிச்சென்று ஒரு வளையம் தெரியும். அடுத்த சுடலில் கேஸ் அங்கே இரண்டாகப் பிரியலாம், வாயு கண் பக்கம் திரும்பலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைக் கொக்கியாக வளைத்து, கேஸின் உள்சுவரில் கீழிருந்து மேலாக வருடிப் பார். மெலிந்த இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அந்தக் கேஸைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போடு, இல்லாவிட்டால் அது மறுபடி நல்ல கேஸ்களோடு கலந்துவிடும்.

தவிர்க்கும் வழி சுலபம். உன் ரைஃபிளில் சுட்ட கேஸின் பழைய பிரைமரை எடுத்துவிட்டு, கம்பாரேட்டரால் அடியிலிருந்து தோள்பட்டைவரை அள. பிரைமரோடு அளந்தால் அதன் மேடு அளவைப் பொய்யாக்கும். டையை ஒரு சுற்று மேலே ஏற்றி வைத்து, கேஸை சைஸ் செய்து, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. சுட்ட அளவைவிட 0.002 அங்குலம் குறைந்ததும் லாக் ரிங்கை இறுக்கிவிடு. போல்ட் ஆக்‌ஷனுக்கு அது போதும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோவுக்கு 0.003, 0.004 வரை விட வேண்டும்.

லூப் (கேஸில் தடவும் மசகு) விஷயத்தில் கை அளவு பழக வேண்டும். 9 எம்எம்முக்குக் கார்பைடு (கடின உலோக) டை இருந்தால் லூப்பே வேண்டாம். .308 போன்ற கழுத்துள்ள கேஸுக்குக் கட்டாயம். குறைந்தால் கேஸ் டைக்குள் சிக்கிக்கொண்டு விளிம்பு பிய்ந்து வரும். பிறகு அடியைத் துளைத்து மரை வெட்டி போல்ட் போட்டு இழுக்க வேண்டும். அதிகமானால் தோள்பட்டையில் குழி விழும். கழுத்தின் உள்பக்கத்துக்கும் லேசாகத் தடவு, கழுத்தை விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை கிறீச்சிடாமல் வெளியே வரும். சைஸ் செய்ததும் லூப்பைச் சுத்தமாகத் துடைத்துவிடு.

சைஸ் செய்த பிறகுதான் நீளம் பார்க்க வேண்டும். .308 கேஸ் 2.015 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 2.005-க்கு டிரிம் செய். நீண்ட கேஸின் வாய் சேம்பர் முனையில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்து, அழுத்தத்தை எகிற வைக்கும். டிரிம் செய்த வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடு. ராணுவக் கேஸ் கலந்திருந்தால் பிரைமர் குழியின் விளிம்பில் கிரிம்ப் (நசுக்கி இறுக்கியது) இருக்கும், அதை நீக்காமல் புது பிரைமர் உட்காராது. அவற்றின் சுவரும் தடிமன், உள்ளே இடம் குறைவு, அதே பவுடருக்கு அழுத்தம் கூடும். அதனால் ஹெட்ஸ்டாம்ப் (அடியில் பொறித்த முத்திரை) வாரியாகப் பிரித்துவை. பிரைமரை அமுக்கியதும் விரல் நுனியால் தடவிப் பார். கேஸின் அடிமட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும், மேடு தட்டினால் கூடாது.

பவுடர் அளவை என்னிடம் கேட்காதே, யாரிடமும் கேட்காதே. பவுடர் நிறுவனமான ஹாட்ஜ்டனின் இணையதளத்திலும் கையேட்டிலும் உன் குண்டின் எடைக்கும் உன் பவுடருக்கும் நேரே போட்டிருக்கும் ஆரம்ப அளவில் தொடங்கு. உச்ச அளவு மட்டும் இருந்தால் பத்து சதவீதம் குறைத்துக்கொள். குண்டோ பிரைமரோ பவுடரின் லாட்டோ (தயாரிப்புத் தொகுதி) மாறினால் மறுபடி கீழிருந்து ஏறு. பிரைமர் தட்டையாவது, கேஸின் அடியில் எஜெக்டர் (கேஸை வெளியே தள்ளும் ஊசி) தடம் பதிவது, ரைஃபிளின் போல்ட்டைத் தூக்கக் கை வலிப்பது மூன்றும் அழுத்தம் கூடியதற்கு அடையாளம். ஆனால் அவை வரும்வரை காத்திருப்பது தாமதம். குளிர்காலத்தில் உச்சத்துக்கு ஏற்றிய அளவு ஆகஸ்டு வெயிலில் எல்லை தாண்டலாம். வார்கெட் போன்ற, வெப்பத்துக்கு அதிகம் மாறாத பவுடர் எடுத்தால் அந்தத் தலைவலி குறையும். அதன் குச்சிகள் மெஷரில் நறுக்கென்று வெட்டுப்பட்டு எடை தவறும். ஒரு கிரெய்ன் குறைவாக விழவிட்டு, மீதியைத் தராசில் டிரிக்லரால் சொட்டச் சொட்ட நிரப்பு. டிஜிட்டல் தராசைச் சூடேற அரைமணி நேரம் விட்டு, எடைக்கல் வைத்துச் சரிபார். ஹீட்டர் காற்று பட்டாலும் எண் நகரும்.

மேசைமேல் ஒரே நேரத்தில் ஒரே பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். .308-ல் இரட்டை அளவு வழிந்து கொட்டிவிடும், கண்ணுக்குத் தெரியும். அங்கே ஆபத்து தவறான பவுடர், பிஸ்டல் பவுடர் ரைஃபிள் கேஸுக்குள் போவது. 9 எம்எம்மில் நேர்மாறு. டைட்குரூப் போன்ற வேகப் பவுடர் கேஸின் அடியில்தான் கிடக்கும், இரண்டு மடங்கு விழுந்தாலும் குண்டு சாதுவாக உட்காரும், துப்பாக்கிதான் வெடிக்கும். பவுடரே விழாவிட்டால் பிரைமர் மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தும், அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு. பிளாக்கில் காலிக் கேஸ்கள் தலைகீழாக, நிரப்பியவை நிமிர்ந்து. ஐம்பதும் நிரம்பியதும் டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் பவுடர் மட்டம் பார், பிறகுதான் குண்டு. வேலை முடிந்ததும் மெஷரில் இருப்பதை அதன் டப்பாவிலேயே கொட்டு. மறுநாள் அது என்ன பவுடர் என்று யோசிக்க நேர்ந்தால் யோசிக்காமல் தோட்டத்தில் உரமாகக் கொட்டிவிடு.

பவுடரை அது வந்த டப்பாவிலேயே வை. பொதுவாகப் பின்பற்றப்படும் தீயணைப்பு விதிப்படி வீட்டில் 20 பவுண்டு பவுடர், பத்தாயிரம் பிரைமர் வரை வைக்கலாம். உன் ஊர் விதியையும் பார்த்துக்கொள். துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் பவுடரைப் பூட்டாதே. திறந்த இடத்தில் எரிந்து போவது அடைபட்ட இடத்தில் வெடிக்கும். வாட்டர் ஹீட்டர் இருக்கும் மூலை ஆகாது. பேஸ்மென்ட்டில் ஈரம் ஏறாமல் டீஹியூமிடிஃபையர் ஓடட்டும், கதவுக்குப் பூட்டு இருக்கட்டும்.

ஈயத்தையும் லேசாக எண்ணாதே. சுட்ட கேஸுக்குள் இருக்கும் கரியில் பிரைமரின் ஈயம் உண்டு. சோளச் சக்கை போட்டு டம்ளர் எனும் கேஸ் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் சுற்றினால் அந்தத் தூசி பறக்கும். மூடியைத் திறப்பதும் சலிப்பதும் வீட்டுக்கு வெளியே. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் எஃகு ஊசி போட்டுத் தண்ணீரில் சுற்றும் வகை உனக்கு நல்லது. மேசைப் பக்கம் முறுக்கும் காப்பியும் வரவே கூடாது. முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவு, அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு போடாதே.

9 எம்எம் கேஸ்களை மட்டும் வீசாமல் ஒரு வாளியில் சேர்த்துவை. விலை தலைகீழானால் அப்போது கார்பைடு டை ஒன்று வாங்கி இதே பிரஸ்ஸில் மாட்டிக்கொள்ளலாம். அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது .308-ல் சுட்ட கேஸ் ஐந்தைத் தனிப் பையில் எடுத்துவை. கம்பாரேட்டர் வந்ததும் ஐந்தின் அளவையும் எழுது, டை எவ்வளவு இறக்க வேண்டும் என்று போனில் சேர்ந்து பார்ப்போம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

அன்புடன்,
உன் மச்சான்