அழித்த கான்கிரீட்டைத் திரும்ப வரையுங்கள்: பீம் வடிவமைப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். "பீமின் இழுவிசைப் பக்கம் கான்கிரீட் விரிசல் விட்டுவிடும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். அப்புறம் கரும்பலகையில் நடுநிலை அச்சுக்கு (இழுப்பும் அமுக்கமும் இல்லாத கோட்டுக்கு) கீழே எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கம்பியை மட்டும் விட்டுவைக்கிறோம். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள்: "அங்கே கான்கிரீட்டே இல்லையென்றால் கம்பியை எது சார் பிடித்துக்கொண்டிருக்கிறது?" அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

இழுக்கும்போது கான்கிரீட் சுமார் 0.0001 திரிபிலேயே (நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலே) விரிசல் விட்டுவிடும். அப்போது கம்பியின் தகைவு, அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு வரும் விசை, ஏறக்குறைய 20 நியூட்டன்/சதுர மி.மீ.தான். அதே அளவில் 500 வரை தாங்கும் 500 கிரேடு கம்பி தன் முழு வேலையைச் செய்ய வேண்டுமென்றால் விரிசல் விழுந்தே தீரும். விரிசல் விழுந்த இடத்தில் இழுவிசை முழுவதும் கம்பிக்குப் போகிறது. கொஞ்சம் தள்ளிப் போனால், கம்பியின் மேல் புடைத்திருக்கும் வரிகள் கான்கிரீட்டைக் கவ்வி, அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கின்றன. அந்தப் பங்கு கான்கிரீட்டின் தாங்குதிறனை எட்டினால் அங்கே அடுத்த விரிசல். இந்தக் கவ்வல்தான் பிடிப்பு; அது நன்றாக இருக்கும் பீமில் மயிரிழை விரிசல்கள் நெருக்கமாக விழுவது இதனால்தான். பிடிப்பு இல்லாத பீம் ஓரிரு இடத்தில் அகலமாகப் பிளக்கும்.

ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாசா கோட்டோ 1971-இல் வெளியிட்ட ஆய்வில், இழுக்கப்பட்ட கம்பியைச் சுற்றியிருந்த கான்கிரீட்டுக்குள் மையைச் செலுத்தி, பிறகு அறுத்துப் பார்த்தார். வரிகளிலிருந்து சாய்வாகக் குட்டி விரிசல்கள் கிளம்பியிருந்தன. அவற்றுக்கு நடுவே இருக்கும் கான்கிரீட் சீப்புப் பற்கள் போலக் கம்பியைத் தாங்கி நிற்கிறது. மாணவி கேட்டதற்குப் பதில் இந்தப் பற்கள்தான்!

வரிகளின் தள்ளல் வெளிப்பக்கமாகவும் போகும். கவர் (கம்பியை மூடியிருக்கும் வெளிக் கான்கிரீட்) போதாமல், ஸ்டிரப்பும் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமும்) இல்லாமல் போனால் கம்பி நெடுகக் கான்கிரீட் பிளந்துவிடும். கம்பி அறாமலேயே பீம் போய்விடும்.

பிடிப்பு நீளத்தையும் (கம்பி தன் முழு விசையையும் கான்கிரீட்டுக்கு மாற்றத் தேவையான நீளத்தையும்) சூத்திரமாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கம்பித் தகைவு 435, பிடிப்புத் தகைவு 2 நியூட்டன்/சதுர மி.மீ. என்று எடுத்தால், 435-ஐ 4 × 2-ஆல் வகுத்து, கம்பியின் விட்டத்தைப் போல 54 மடங்கு வரும். சரி, ஆனால் அந்த 2 ஒரு சராசரி. விரிசலுக்கு விரிசல் பிடிப்பு ஏறி இறங்குகிறது, சில இடங்களில் திசையே மாறுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஒரு பீமையாவது மாணவர்கள் முன் உடைத்துக் காட்டுங்கள். விரிசல்களைப் பென்சிலால் குறித்து, இடைவெளியை அவர்களே அளக்கட்டும். பிறகு கவரைத் தட்டி எடுத்து, கம்பியின் வரிகள் கான்கிரீட்டில் பதித்திருக்கும் தடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்