ஜோடி எண்ணப் போய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது, பதில் போடவில்லை என்று திட்டாதே. முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது, அதற்காக இப்போதே மாடிப்படி ஏறி வீரம் காட்டாதே. இங்கே என் தலையைத் தின்றது ஒரு சின்ன வேலை. நூலகத்து இரவல் பதிவுகளைக் கொடுத்து, எந்தெந்தப் புத்தகங்கள் சேர்ந்தே வெளியே போகின்றன என்று எண்ணிச் சொல்லச் சொன்னார்கள்.

எண்ணுவதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒவ்வொரு பதிவிலும் உள்ளவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த ஜோடியின் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும், பைத்தான் என்ற நிரல்மொழியில் பத்து வரிகூட வராது. முதல் நாளே சறுக்கினேன். அகராதி–இலக்கணம் ஒரு ஜோடியாகவும் இலக்கணம்–அகராதி வேறொரு ஜோடியாகவும் ஏறி, எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சேர்ப்பதற்கு முன்னால் அகர வரிசையில் அடுக்கிவிட்டால் சரியாகிவிடும், அது தெரிய எனக்கு அரை நாள் ஆனது, வயசாகிறது இல்லையா.

அப்புறம் கணினியின் மெமரி. 1,000 புத்தகத்துக்கு 4,99,500 ஜோடிதான், ஆனால் 1,00,000 புத்தகம் என்றால் கிட்டத்தட்ட 500 கோடி, ஒவ்வொன்றுக்கும் 4 பைட் ஒதுக்கினாலே 20 ஜிபி போய்விடும். இதற்கு ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் 1994-லேயே வழி சொல்லிவிட்டார்கள், அப்ரியோரி என்று பெயர். பத்து முறைகூட இரவல் போகாத புத்தகம், இன்னொன்றோடு சேர்ந்து மட்டும் எப்படிப் பத்து முறை போகும்? அதனால் முதலில் தனித்தனியாக எண்ணு, தேறாததைக் கழித்துவிடு, மிச்சத்துக்கு மட்டும் ஜோடி போடு. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும், எனக்கு அது தானாகத் தோன்றவில்லையே.

இத்தனைக்கும் பிறகும் நிரல் ஓரிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பார்த்தால் ஒரே ஒரு பதிவில் 3,000 புத்தகம். வாசகர் யாரும் இல்லை, கிடங்குக்கு மாற்றிய புத்தகங்களை ஊழியர்கள் ஒரு கணக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு பதிவே 44,98,500 ஜோடியைப் பெற்றுப் போட்டது, அத்தனையும் பொய் உறவு! தூக்கி எறிந்தேன்.

கடைசியில் பட்டியல் வந்தது, உச்சியில் முழுக்க அகராதிதான். அகராதியும் சமையலும், அகராதியும் சோதிடமும். எல்லோரும் எடுக்கும் புத்தகம் எல்லாவற்றோடும்தான் வரும், அதில் செய்தி ஏது. 10,000 பதிவில் அகராதி 4,000-லும் சோதிடம் 500-லும் இருந்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் 200 பதிவில் சேர்ந்து வரவேண்டும், 210 வந்தது என்று நான் துள்ளினால் அது மடத்தனம். ஆனால் 50, 50 முறை மட்டும் போன இரண்டு புத்தகங்கள் 20 முறை சேர்ந்து போனால்? அதே கணக்கில் தற்செயலாக வரவேண்டியது கால் முறைதான், ஒரு முறைகூட இல்லை, 20 என்றால் எதிர்பார்ப்பைப் போல 80 மடங்கு. இந்த விகிதத்தைத்தான் லிஃப்ட் என்கிறார்கள். என்னைக் கேட்டால் வெறும் எண்ணிக்கையை மட்டும் மேலிடத்துக்கு அனுப்பவே கூடாது. அதே சமயம் லிஃப்டை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான், ஒரே ஒரு முறை போன இரண்டு புத்தகங்கள் ஒரே ஆள் கையில் போயிருந்தால் 10,000 மடங்கு என்று வந்து நிற்கும். குறைந்தது பத்து முறையாவது சேர்ந்து வந்திருந்தால்தான் பார்ப்பேன் என்று வைத்துக்கொண்டேன். ஏன் பத்து, ஏன் எட்டு இல்லை என்றால் என்னிடம் பதில் இல்லை, கண்ணுக்குச் சரியாகப் பட்டது.

உன் புகைப்படக் குறிச்சொற்களை இப்படிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தாயே, தாராளமாகப் பார்க்கலாம், கோப்பை அனுப்பு. ஆனால் 'மழை' என்று ஓரிடத்திலும், பின்னால் ஒரு இடைவெளி விட்டு அதே 'மழை' இன்னோரிடத்திலும் அடித்து வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா, கணினி இரண்டையும் வேறு வேறு சொல்லாக எண்ணிவிடும், அதை மட்டும் நீயே திருத்திவிட்டு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்