மேல்தட்டில் கிடக்கும் சரக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ரமலான் நெருங்கினால் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் மேலப்பாளையம் பஜாரிலும் ஜவுளிக்கடை முதலாளிமாருக்கு இரண்டு வேலை: பெருநாள் கொள்முதல், ஜகாத் (ஏழைகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய கட்டாயப் பங்கு) கணக்கு. கொள்முதலை முடித்துவிட்டுக் கணக்கில் உட்காருகிறார்கள். முறை தலைகீழாக இருக்க வேண்டும்.

‘வீண்விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள்’ (குர்ஆன் 17:27) என்று பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், கேட்டால், ஊழியர் போட்ட ஃபேனை அணைக்கத்தான் பலருக்குத் தோன்றுகிறது. பெரிய விரயம் ரேக்கின் மேல்தட்டில் கிடக்கிறது.

400 ரூபாய் சட்டை 100 எடுத்தால் 10 இலவசம் என்பார் மொத்த வியாபாரி. 4,000 ரூபாய் லாபம்போலத் தெரியும். பெருநாள் கழிந்து 30 சட்டை தங்கினால், அடக்கவிலையில் மட்டும் சுமார் 10,900 ரூபாய் முடங்கிவிடும். அடுத்த வருடம் அதே சட்டைக்கு மறுபடியும் 2.5 சதவீதம் ஜகாத் உண்டு. பெரும்பாலான அறிஞர்களின் கருத்து அதுதான். மதிப்பிட வேண்டியது வாங்கிய விலைக்கு அல்ல, கணக்கு நாளின் சந்தை விலைக்கு. ரேக், ஏசி, தையல் மெஷின் இதில் சேராது. கைப்பணம், பேங்க் இருப்பு, வந்துவிடும் என்று உறுதியான கடன் பாக்கி சேரும். (ஜகாத்துக்குக் கணக்கு ஹிஜ்ரி என்ற சந்திர ஆண்டு; அதற்கு 354 அல்லது 355 நாள்தான். மார்ச் 31 கணக்கை வைத்துக் கொடுப்பவர் சுமார் 2.58 சதவீதம் கொடுக்க வேண்டும்.)

‘எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் தேறும்’ என்ற கண்மதிப்பில் ஜகாத்தும் குறையும், எது தேங்கியது என்பதும் தெரியாது. சரக்கு வந்த அன்றே மாதத்தையும் வருடத்தையும் டேக்கில் எழுதிவிட்டால் போதும். ரமலானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில் எண்ணும்போது ஆறு மாதம் தாண்டியதைத் தனியாக அடுக்கி, சைஸ் வாரியாகக் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு கொள்முதலுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் தங்குவது மிகச் சிறிய, மிகப் பெரிய ஓரத்து சைஸ்கள்தான். எல்லா சைஸும் சேர்ந்த செட்டாக வாங்குவதால் வரும் வினை.

தங்கியதை ‘ஜகாத் சேலை’ என்று தள்ளிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலொழிய நீங்களே வாங்கமாட்டாத மட்டமானதைக் கொடுக்க நாடாதீர்கள் என்கிறது 2:267. விலையைக் குறைத்து விற்றுப் பணமாகக் கொடுப்பதே நேர்மை. விற்கும்போது மடிப்பு வெளுத்திருந்தால் விரித்துக் காட்ட வேண்டும். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் வியாபாரியைக் கேட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக் கணக்காளர்,
மேலப்பாளையம்